உள்ளே போன பல்

செண்பகவல்லி அம்மனுக்கு அடுத்தபடியாக எங்கள் தெருப் பெண்கள் அன்றாடம் போய் நின்றது தெருமுக்கு அடிபம்பின் முன்னால்தான். கோவில்பட்டியில் 1983ஆம் வருஷத்துக் கோடை அது. முந்தின வருஷமே மழை பொய்த்திருந்தது. தாமிரபரணித் தண்ணீர் குழாயில் என்றைக்கு வரும், எந்தச் சாமத்தில் வரும் என்பது யாருக்கும் தெரியாது. வந்தாலும் அது குடிக்க மட்டும். துவைக்க, குளிக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் அடிபம்பின் சப்பைத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதற்கும் விடியுமுன்னே குடங்கள் வரிசை கட்டிவிடும். நிற்க முடியாதவர்கள் ஒரு ஓட்டை வாளியையோ செங்கல்லையோ தங்கள் இடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். செங்கல்லுக்கும் முறை உண்டு. அதைக் காலால் நகர்த்திவிட்டு முந்தினால் அன்றைக்குப் பூராவும் அந்த வீட்டோடு பேச்சில்லை.

யூனிசெஃப் ஆதரவில் வடிவமைத்து அந்த வருஷங்களில் ஊர் ஊராக நட்டார்களே, இந்தியா மார்க் 2, அந்த ரகம். எங்களுக்குப் பெயரெல்லாம் தெரியாது, 'பெரிய பம்பு' என்போம். கைப்பிடி கெட்டியான நீள இரும்பு. கரிசல் காட்டில் தண்ணீர் ஆழத்தில் கிடக்கிறது. உள்ளே இறங்கியிருக்கும் கம்பிகளின் பாரம் இழுப்பதால், அழுத்தின கையை எடுத்தால் கைப்பிடி தானாகவே மேலே எழும்பும். பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து தொங்கித்தான் அதைக் கீழே இறக்குவோம். இறக்கின வேகத்தில் அது எங்களைத் தூக்கிவிடும். அதற்காகவே கூப்பிடாமலே தண்ணீர் எடுக்கப் போவோம்.

தம்பிக்கு அப்போது மூன்று வயது, எனக்கு ஒன்பது. அவனைச் சுமந்து சுமந்து எனக்கு ஒருபக்க இடுப்பு சரிந்துவிட்டதாக ஆச்சி சொல்வாள். அன்றைக்குச் சாயங்காலம் அவன் ஆச்சியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். எதிர்வீட்டு மைனியின் முறை. குடம் நிறைந்ததும் கைப்பிடியை விட்டுவிட்டுக் குனிந்தாள். அந்த வயசில் எதைக் கண்டாலும் வாயில் வைத்துப் பார்க்கத் தோன்றும் அல்லவா? பய எப்போது நழுவினானோ, கீழே இறங்கிக் கிடந்த இரும்பின் நுனியைக் கடிக்க வாயைத் திறந்துகொண்டு போயிருக்கிறான். அது எழும்பி மேல்பல்லில் இடித்துவிட்டது.

முதலில் சத்தமே வரவில்லை. மூச்சை உள்ளே இழுத்தவன் இழுத்தபடியே நின்றான். முகம் நீலம் பாரித்தது. ஆச்சி அவன் முதுகில் ஓங்கி ஒன்று போட்ட பிறகுதான் அழுகை வெளியே வந்தது. கூடவே ரத்தம். வாயில் படுகிற சின்ன அடிக்கும் எவ்வளவு ரத்தம் வரும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எச்சிலோடு கலந்து நாடியெல்லாம் வழிந்து, போட்டிருந்த பனியன் நனைந்துவிட்டது. மைனி தன் தலையில் அடித்துக்கொண்டு அவனைவிடச் சத்தமாக அழுதாள்.

ஒருத்தி வாயில் சீனியை வைக்கச் சொன்னாள். ஒருத்தி காப்பித்தூளோடு ஓடிவந்தாள். சேமியா ஐஸ் விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த அண்ணாச்சி சைக்கிளை நிறுத்தி, மிஞ்சியிருந்த ஒரு ஐஸைத் தன் துண்டிலேயே சுற்றி, "உதட்டுல ஒத்திப் பிடிங்க ஆச்சி" என்று கொடுத்தார். அன்றைக்குச் சொல்லப்பட்ட வைத்தியங்களில் உருப்படியானது அது ஒன்றுதான். ரத்தம் மட்டுப்பட்டது. ஆச்சி வாயைக் கழுவி உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். மேல் முன்பல் இரண்டில் ஒன்றைக் காணோம். அது இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு குழி. பக்கத்துப் பல் இருந்தது, ஆனால் நாக்கு பட்டாலே ஆடியது.

"ஏட்டி, எல்லாரும் என்ன பாத்துட்டு நிக்கிய? பல்லைத் தேடுங்கட்டி!"

ஆச்சிக்கு ரத்தத்தைவிடப் பல் காணாமல் போனதுதான் பெரிய கவலை. விழுந்த பல்லைச் சாணிக்குள் பொதிந்து கூரைமேல் எறிய வேண்டும். எறியாவிட்டால் மறுபல் முளைக்காது என்பது அவள் உறுதியாக நம்பிய காரியங்களில் ஒன்று. தண்ணீர் வரிசை கலைந்தது. ஒரு மாசமாகத் தங்களுக்குள் பேசாதிருந்த இரண்டு வீட்டுக்காரிகள்கூடப் பக்கத்தில் பக்கத்தில் குத்தவைத்துப் பம்படிச் சேற்றை விரலால் அளைந்தார்கள். கரிசல் மண்ணில் சுக்கான்கல் நிறையக் கிடக்கும், வெள்ளை வெள்ளையாக, சின்னதும் பெரிசுமாக. "இந்தா இருக்கு, இந்தா இருக்கு" என்று ஆளாளுக்கு ஒரு சுக்கான்கல்லைக் கொண்டுவந்து ஆச்சியின் கையில் கொடுத்தார்கள். அவள் ஒவ்வொன்றையும் கழுவிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு வீசினாள். இருட்டியதும் அரிக்கேன் விளக்கு வந்தது. விளக்கு வெளிச்சத்தில் எல்லாக் கல்லும் பல்லாகத் தெரிந்ததே தவிரப் பல் கிடைக்கவில்லை.

அப்பா ஷிப்ட் முடிந்து பஞ்சாலையிலிருந்து வந்ததும் தம்பியைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனோம். உதட்டைத் துடைத்து, டெட்டனஸ் ஊசி போட்டார். பல் எங்கே என்று அவரும் கேட்டார். யாருக்கும் தெரியாது. "ஒருவேளை முழுங்கியிருப்பான். இருமுறானா? மூச்சு வாங்குதா?" என்று கேட்டு, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். இல்லை. "அப்ப வயித்துக்குள்ளதான் போயிருக்கும், பயமில்ல. எதுக்கும் பாளையங்கோட்டையில பல் டாக்டர்கிட்டக் காட்டிருங்க" என்றார்.

முழுங்கியிருப்பான் என்ற சொல் ஆச்சிக்குப் போதுமானதாக இருந்தது. மறுநாள் காலையிலிருந்து தம்பிக்கு வாழைப்பழமாகக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு செய்த ஆராய்ச்சியை இங்கே விவரிக்காமல் விடுவதுதான் மரியாதை. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "அத்தை, போதும் விடுங்க" என்றாள். ஆச்சி விடவில்லை. அங்கேயும் பல் இல்லை.

எங்கள் வீட்டுத் திண்ணையில் தினமும் மத்தியானம் பெட்டி ஒட்டும் கூட்டம் கூடும். கோவில்பட்டியில் அப்போது தீப்பெட்டி ஒட்டாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மரச் சீவலையும் நீலக் காகிதத்தையும் ஏஜெண்டு கொடுத்துவிட்டுப் போவார், அடிப்பெட்டி மேல்பெட்டி ஒட்டிக் கொடுத்தால் குரோசுக்கு இவ்வளவு என்று கூலி. குரோசு என்றால் 144. கை ஒரு பக்கம் ஒட்டும், வாய் ஒரு பக்கம் பேசும். அந்த இரண்டு மூன்று நாளில் தம்பியின் பல்லுக்குச் சொல்லப்பட்ட வழிகளைத் தனிப் புத்தகமாகவே போடலாம். ஆடுகிற பல்லில் நூலைக் கட்டிக் கதவில் முடிந்து இழுத்துவிடு என்றாள் ஒருத்தி. ஐயோ, மேல்பல்லைத் தொட்டால் கண் நரம்பு போய்விடும் என்றாள் இன்னொருத்தி. கிராம்புத் தைலம், உப்பும் மஞ்சளும், வேப்பங்கொழுந்து, அம்மனுக்குப் பல் செய்து போடுவதாக நேர்த்திக்கடன். யாருமே சும்மா இருக்கச் சொல்லவில்லை. எங்கள் தெருவின் சுபாவம் அப்படி. சும்மா இருக்கிற கையைக் கண்டாலே பொறுக்காது. நாலு வயசுப் பிள்ளைகூடப் பசைத் தட்டை நகர்த்திக் கொடுக்கும்.

பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸில் போனோம். அப்பா லீவு போட்டிருந்தார், கூலி போகும். என்னைக் கூட்டிப் போனதற்குக் காரணம், நான் இல்லாமல் தம்பி பஸ்ஸில் இருக்கமாட்டான். கயத்தாறு வந்ததும் அப்பா ஜன்னல் வழியாகக் கட்டபொம்மன் சிலையைக் காட்டி, 1799இல் வெள்ளைக்காரன் தூக்கில் போட்டது இங்கேதான் என்றார். தம்பி வீங்கின உதட்டோடு, "வலிச்சிச்சா?" என்று கேட்டான். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா பதில் சொல்லவில்லை.

1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியை ஜனங்கள் ஹைகிரவுண்டு என்பார்கள். பல் பிரிவின் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கன்னத்தில் கையை வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். தம்பி அந்தச் சாய்வு நாற்காலியைப் பார்த்த மாத்திரத்தில் கதற ஆரம்பித்தான். அவர் அதில் உட்காரவே சொல்லவில்லை. இரண்டு ஸ்டூல்களை எதிரெதிரே போட்டு அப்பாவை ஒன்றில் உட்கார வைத்தார். தான் மற்றதில் உட்கார்ந்து முழங்காலோடு முழங்காலை இடித்துக்கொண்டார். தம்பியை அப்பாவைப் பார்த்தபடி மடியில் உட்கார்த்தி, அப்படியே மல்லாக்கச் சாய்த்தார். கால் இரண்டும் அப்பாவின் இடுப்புக்கு இருபுறமும், தலை டாக்டரம்மாவின் மடியில். அப்பா அவன் கைகளைப் பிடித்துக்கொண்டார். அழட்டும், அழுதால்தான் வாய் நன்றாகத் திறக்கும் என்றார் அவர். எவ்வளவு சுலபம்! இன்றைக்கும் குழந்தைகளுக்கு வாய் பார்க்கிற முறைகளில் அது ஒன்று என்பது எனக்கு நெடுநாள் கழித்துத்தான் தெரியும்.

ஈறை விரல் நுனியால் மெல்லத் தடவினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. அப்புறம் எக்ஸ்ரே. விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு ஃபிலிமை வாய்க்குள் வைத்தார்கள். முதல் ஃபிலிமைத் தம்பி கடித்தே விட்டான். இரண்டாவதை அப்பா பிடித்துக்கொள்ள எப்படியோ எடுத்தார்கள். காத்திருந்து, ஈரம் காயாத படத்தை டாக்டரம்மா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பல்லு எங்கயும் போகலை. இந்தா இருக்கு பாருங்க. உள்ள ஏறிப்போச்சு."

அப்பா கிட்டே போய்ப் பார்த்தார். நானும் எக்கிப் பார்த்தேன். ஈறுக்குள்ளே, எலும்புக்குள்ளே, முழுப் பல்லாக அது நின்றது. தெரு பூராவும் விளக்கு வைத்துத் தேடின பல். ஆச்சி குச்சி வைத்துத் தேடின பல். அடிபட்ட நிமிஷத்திலிருந்து அவன் வாய்க்குள்ளேயேதான் இருந்திருக்கிறது. சின்னப் பிள்ளைகளின் தாடை எலும்பு இளசு, அதனால் அடி விழுந்தால் பல் உடைவதைவிட இடம் பெயர்வதே அதிகம் என்று டாக்டரம்மா சொன்னார். முழுவதும் உள்ளே ஏறிவிட்டால் விழுந்துவிட்டதாகத்தான் வீட்டில் நினைப்பார்களாம்.

படத்தில் இன்னொன்றும் இருந்தது. அந்தப் பாற்பல்லுக்கு மேலே, வேர் இல்லாமல், கிரீடம் மட்டுமாக ஒரு பெரிய பல். ஏழு வயசில் வரப்போகிற பல் மூன்று வயசிலேயே அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் வாய்க்குள்ளும் இப்படி வரிசையாகக் காத்திருக்கிறதா என்று நாக்கால் அண்ணத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

"நமக்குக் கவலை அந்தப் பெரிய பல்லைப் பத்தித்தான்" என்றார் டாக்டரம்மா. பெரிய பல் பாற்பல்லின் வேருக்கு உட்புறமாக, அண்ணத்துப் பக்கம் இருக்கும். உள்ளே ஏறின பல் அதன்மேல் போய் முட்டினால் எடுத்துவிட வேண்டும். பக்கத்துப் பல்லைவிட இது படத்தில் குட்டையாகத் தெரிகிறது, அப்படியென்றால் வேர் உதட்டுப் பக்கமாகத் திரும்பியிருக்கிறது, பெரிய பல்லின்மேல் இல்லை. நீளமாகத் தெரிந்திருந்தால் கதை வேறு.

"அப்ப இப்ப என்ன செய்யணும் டாக்டரம்மா?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். தானா இறங்கி வரும்."

அப்பாவுக்கு அது பிடிபடவில்லை. ஒருநாள் கூலி போய், பஸ் சார்ஜ் போய், பிள்ளையை அழவிட்டு வாங்கின வைத்தியம் 'ஒண்ணும் செய்ய வேண்டாம்'. "ஊசி கீசி?" என்றார். ஏற்கெனவே போட்டாகிவிட்டதே. "மருந்து?" வலித்தால் கொடுக்க ஒரு சிரப் எழுதினார். "ஆடுத பல்லு?" அதையும் தொட வேண்டாம், இறுகிவிடும். அப்பா தயங்கித் தயங்கி, "மேல்பல்லுல கை வச்சா கண்ணு போயிருமாம்லா? எல்லாரும் சொல்லுதாவ" என்றார். "கண்ணுக்கும் பல்லுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஆனா நீங்க கை வைக்க வேண்டாம், அது வேற விஷயம்" என்று சிரித்தார்.

ஒரு மாசத்தில் ஒரு தடவை, அப்புறம் ஆறு மாசத்தில், வருஷத்தில் என்று காட்டச் சொன்னார். பத்துப் பன்னிரண்டு நாள் கடிக்கிற பண்டம் கூடாது. சாப்பிட்டதும் மெல்லிய பிரஷ்ஷாலோ ஈரத் துணியாலோ துடைக்க வேண்டும். ஆடுகிற பல் கருக்கலாம், கருத்தால் பயப்படக் கூடாது. ஆனால் ஈறில் பரு கிளம்பினாலோ, முகம் வீங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே வர வேண்டும், விட்டால் சீழ் உள்ளே இருக்கிற பெரிய பல்லைக் கெடுக்கும். எல்லாம் முடிந்து எழுந்தபோது அப்பா கேட்டார், "அல்வா குடுக்கலாமா?" திருநெல்வேலிக்கு வந்துவிட்டு அல்வா வாங்காமல் எப்படித் திரும்புவது? டாக்டரம்மா கொஞ்சம் யோசித்து, "மெல்ல வேண்டாமே அதை, வழுக்கிட்டுப் போயிரும். குடுங்க, வாயை நல்லா தொடச்சி விடுங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

வீட்டில் ஆச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உள்ள இருக்கா? நட்டுக்கவா நிக்கி?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும், கலியாணம் ஆயிருக்காதுல்லா" என்று தீர்ப்புச் சொன்னாள். பல் வைத்தியத்துக்கும் கலியாணத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியமில்லை.

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அதற்கப்புறம் எங்கள் வீடு கற்றுக்கொண்டது. முதல் பத்து நாள் தேவலை, செய்ய வேலை இருந்தது. சோறு குழைய வடிந்தது. இட்லி பாலில் ஊறியது. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டினாள் ஆச்சி, அவனைச் சாக்கிட்டு எனக்கும் கிடைத்தது. பசைத் தட்டைத் திண்ணையின் அந்தக் கோடிக்கு மாற்றினார்கள். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலந்திருக்கும், இவனோ புண்ணான வாய்க்குள் சதா விரலை விடுகிறவன். பெரிய சோதனை கடலை மிட்டாய். எங்கள் ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் பெருமைப்பட்டார்கள். எனக்கு ஞாபகம் வந்தது, முக்குக்கடை அண்ணாச்சி அந்தக் கண்ணாடி பாட்டிலைத் தம்பி கண்ணில் படாமல் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்ததுதான். "மருமவனே, எறும்பு தின்னுட்டுப் போச்சுடா" என்பார். தம்பி எறும்புகளைத் தேடிப்பிடித்து நசுக்கினான்.

பத்து நாளும் கழிந்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. பார்ப்பது மட்டும்தான் அனுமதி. ஆகவே பார்த்தார்கள். சாயங்காலம் விளக்கேற்றினதும் அம்மா அவனைப் படியில் உட்காரவைத்து, உதட்டைத் தூக்கி, எவரெடி டார்ச்சை அடித்துப் பரு இருக்கிறதா என்று பார்ப்பாள். அப்பா ஷிப்ட் முடிந்து எந்நேரம் வந்தாலும், தூங்குகிறவனின் உதட்டைத் தூக்கிப் பார்ப்பார். ஆச்சிக்கு டார்ச் வெளிச்சத்தில் நம்பிக்கையில்லை, வெயிலில் நிறுத்திப் பார்ப்பாள். எதிர்வீட்டு மைனி தினம் ஒருதரம் வருவாள். பாவம், பம்பு தானாக எழும்பினதற்கு அவள் என்ன செய்வாள்? ஆனாலும் பல் திரும்ப வருகிறவரைக்கும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்று அம்மா சொல்வாள். சீக்கிரமே தம்பி, யார் கிட்டே வந்தாலும் தானாகவே உதட்டைத் தூக்கிக் காட்டப் பழகிவிட்டான். ஏஜெண்டு வந்தால் காட்டுவான். தபால்காரருக்குக் காட்டுவான். கோயிலில் திருநீறு கொடுக்க வந்தவருக்கும் காட்டினான்.

ஆடின பல் சில வாரங்களில் இறுகியது. இறுகின கையோடு சாம்பல் நிறத்துக்கு மாறியது. அடிபட்டபோது பல்லுக்குள் கசிந்த ரத்தத்தின் கறை அது. டாக்டரம்மா முன்னாலேயே சொல்லியிருந்தும் அம்மா ஒருநாள் பூராவும் அழுதாள். திண்ணைக் கூட்டத்துக்கு மறுபடி உற்சாகம் வந்துவிட்டது. சொத்தைப் பல், பிடுங்கி எறி, பக்கத்துப் பல்லுக்கும் பரவும் என்று ஆளுக்கொரு பயம் காட்டினார்கள். பரவுகிற வியாதியில்லை அது. வலியும் இல்லை, பருவும் வரவில்லை. பரு வராத சாம்பல் பல்லை அப்படியே விட்டுவைப்பதுதான் வழி. அம்மாவை இந்த விஷயத்தில் நான் இன்றைக்கும் மெச்சுகிறேன். ஊரே பிடுங்கு பிடுங்கு என்றபோது, அழுதுகொண்டேதான் என்றாலும், பிடுங்கவிடவில்லை.

உள்ளே போன பல் ஐப்பசி மழையோடு வெளியே வந்தது. முதலில் பார்த்தது ஆச்சிதான், டார்ச் இல்லாமல், விரலால். சோறு ஊட்டும்போது ஈறில் எதுவோ சுரசுரவென்று தட்டுப்பட்டிருக்கிறது. அரிசி நொய் மாதிரி ஒரு வெள்ளை விளிம்பு. வீட்டில் எல்லோரும் வரிசையாக விரலை விட்டுத் தடவிப் பார்த்தோம். மைனியைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவள் தடவிப் பார்த்துவிட்டு, ஈர விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தை பிறப்பதற்குள் முக்கால் பல் இறங்கிவிட்டது. கொஞ்சம் கோணல், ஆனால் வெள்ளை.

ஆச்சி இப்போது டாக்டரம்மாவின் கட்சி. அடிபட்ட பிள்ளை யார் வந்தாலும், "தொடாத, சும்மா விடு, தானா வரும்" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். இதில் ஒரு சிக்கல் வந்தது. அடுத்த வருஷமோ என்னவோ, பக்கத்துத் தெருப் பையன் ஒருவனுக்குக் கிட்டிப்புள் பறந்துவந்து வாயில் பட்டு, முன்பல் வேரோடு கழன்று விழுந்தது. அவனுக்குப் பத்து வயசு, விழுந்தது பாற்பல் அல்ல. பல் கையில் இருக்கிறது, வேர் முழுசாக இருக்கிறது. முறைப்படி சாணிக்குள் வைத்துக் கூரைமேல் எறிந்தார்கள். அது முளைக்கவே இல்லை. எப்படி முளைக்கும்? பாற்பல் இருபதுக்குத்தான் மறுபல் உண்டு. அந்தப் பையனைப் பிற்பாடு பார்த்த டாக்டர், விழுந்த உடனே பல்லின் தலைப்பக்கத்தைப் பிடித்து லேசாகக் கழுவி அதே குழியில் செருகியிருக்கலாம், இல்லையென்றால் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருக்கலாம், ஒட்டியிருக்கும் என்றாராம். ஆனால் பாற்பல் அப்படி விழுந்தால் திரும்பச் செருகக் கூடாது. செருகினால் உள்ளே இருக்கிற பெரிய பல்லுக்குச் சேதம். மூன்று வயசுக்கும் பத்து வயசுக்கும் வைத்தியம் நேர் எதிர். நல்லவேளை, அன்றைக்குப் பம்படியில் தம்பியின் பல் கையில் கிடைக்கவில்லை.

தம்பி பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது கரும்பல்லன் என்று பட்டம் விழுந்தது. அழுதுகொண்டு வருவான் என்று எதிர்பார்த்தோம். அவனோ தொழில் தொடங்கிவிட்டான். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தீப்பெட்டிப் படம்தான் காசு. ஒரு படம் கொடுத்தால் கரும்பல்லைப் பார்க்கலாம், இரண்டு கொடுத்தால் தொடலாம். இரும்பு பல்லை அடித்ததா, பல் இரும்பை அடித்ததா என்பதிலும் அவன் சொன்ன கதை வருஷத்துக்கு வருஷம் மாறியது. ஒன்றாம் வகுப்பு குரூப் போட்டோவில் எல்லாப் பிள்ளைகளும் விறைப்பாக நிற்க, இவன் ஒருவன் மட்டும் உதட்டை விரலால் தூக்கிக்கொண்டு நிற்கிறான்.

ஏழு வயசில் இரண்டு பல்லும் முறையாகவே ஆடி விழுந்தன. ஆச்சி இத்தனை வருஷம் காத்திருந்த சாணி உருண்டைக்குக் கடைசியில் வேலை வந்தது. ஆனால் அதற்குள் அப்பா கடன்பட்டு ஓட்டைப் பிரித்துவிட்டுத் தட்டட்டி போட்டிருந்தார். கூரைமேல் எறிந்தால் தட்டட்டியில்தான் போய் உட்காரும், நாளைக்கு வற்றல் காயப்போடும்போது காலில் மிதிபடும். ஆச்சி யோசித்தாள். எதிர்வீடு இன்னும் ஓட்டு வீடுதான். அங்கே எறியச் சொன்னாள். தம்பி எறிந்த வேகத்துக்கு ஓடு ஒன்று விரிந்துபோயிற்று. மைனி வெளியே வந்து நிமிர்ந்து பார்த்து, "நான் ஒரு பல்லைத்தான உள்ள தள்ளுனேன், அதுக்கு ரெண்டு பல்லாலயும் எங்க வீட்டை உடைக்கியேலே" என்றாள்.

பெரிய பல் வர நாளானது. ஒன்று எட்டு வயசிலும், அடிபட்ட இடத்தில் இருந்தது அதற்குக் கொஞ்சம் பிந்தியும் வந்தது. பிந்தி வந்ததன் நெற்றியில் மிளகளவுக்கு ஒரு மறு. நடுவில் வெள்ளை, ஓரம் பழுப்பு. வாயைக் கொப்பளிக்கச் சொல்லித் தேய்த்தாள் அம்மா, போகவில்லை. மேல் முன்பல்லின் எனாமல் பிறந்த சில மாசத்திலிருந்து நாலைந்து வயசு வரைக்கும் உருவாகிக்கொண்டிருக்கும். அப்படி உருவாகிக்கொண்டிருந்த நேரத்தில் இரும்பு தட்டியிருக்கிறது, தட்டின இடத்தில் மட்டும் எனாமல் சரியாகத் தேறவில்லை. பல் உறுதியானதுதான், மறு அதன் மேல்பூச்சோடு சரி என்று ஒரு டாக்டர் சொன்னார். வேண்டுமானால் பிற்பாடு அதன்மேல் பல் நிறத்திலேயே பூசிக்கொள்ளலாமாம். தம்பி வேண்டாம் என்றுவிட்டான்.

பத்தாம் வகுப்பில் சான்றிதழுக்காக அங்க அடையாளம் எழுதும் நாள் வந்தது. ஒவ்வொரு பையனாகச் சட்டையைத் தூக்கியும் கால்சட்டையைச் சுருட்டியும் மச்சம் காட்டிக்கொண்டிருந்தார்கள். தம்பி வாத்தியார் முன்னால் போய் நின்று, பழக்கத்தின்படி, உதட்டைத் தூக்கினான்.

"என்னலே இது?"

"அங்க அடையாளம் சார். பல்லுல மறு. அடிபம்பு அடிச்சது."

வாத்தியார் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எழுதிருதேன். ஆனா நாளைக்கு எந்த ஆபீசுக்குப் போனாலும் நீ ஈன்னு இளிச்சிட்டேதான் நிக்கணும், பரவாயில்லையா?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவன் கால்சட்டையைச் சுருட்டினான். வலது முழங்காலுக்குக் கீழே ஒரு கறுப்பு மச்சம் என்று எழுதினார்கள்.